கொலையாளி தெரிந்த பிறகும் கேட்ஃபெல் நாவல்களை ஏன் கீழே வைக்க முடிவதில்லை?

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். எல்லிஸ் பீட்டர்ஸ் எழுதிய பிரதர் கேட்ஃபெல் தொடரில் ஐந்தாறு நாவல்களைப் படித்திருக்கிறீர்கள். கொலையாளி யார் என்பது பாதிப் புத்தகத்திலேயே உங்களுக்குப் பிடிபட்டுவிடுகிறது. ஒவ்வொன்றிலும் ஓர் இளம் ஜோடி வருகிறது. தடைகள் நீங்கிச் சேர்ந்தும்விடுகிறது. இத்தனை தெரிந்தும் அடுத்த புத்தகத்தைத் தேடுகிறீர்கள். 1977இல் தொடங்கிய தொடர் இன்றும் படிக்கப்படுவதற்குப் பழங்கால மடம், மெழுகுவர்த்தி, மணியோசை ஆகியவற்றின் மயக்கம்தான் காரணமா என்று கேட்கிறீர்கள். வரிசைப்படிதான் படிக்க வேண்டுமா என்பது துணைக்கேள்வி. தொடரின் புகழைப் பற்றி விசாரிப்பதுபோல் இருந்தாலும், உங்களை உறுத்துவது வேறொன்று என்று எனக்குப் படுகிறது: புதிர் பலவீனமாக இருக்கும் துப்பறியும் கதையை எது தாங்கி நிற்கிறது?

நான் கல்லூரியில் இடைக்கால ஐரோப்பிய வரலாறு கற்பித்தவன். பன்னிரண்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரைப் பாடப்புத்தகத்தில் படித்துக் குழம்பிப்போகும் மாணவர்களிடம் இந்த நாவல்களில் ஒன்றைக் கொடுத்து அனுப்புவது என் வழக்கம். ஆகவே போர், சட்டம், மடத்து வாழ்க்கை பற்றிக் கீழே வருபவை என் துறைக்குள் அடங்குபவை, அவற்றை நம்பலாம். வாசகர்கள் ஏன் விரும்புகிறார்கள் என்று சொல்லும் இடங்களில் நானும் ஒரு வாசகன் மட்டுமே. முடிச்சை அவிழ்க்கும் சுகத்துக்காகவே துப்பறியும் கதை படிப்பவர்களுக்கு என் தராசு ஒத்துவராது.

இந்தத் தொடரைத் தொடாதவர்களுக்காகக் களத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேல்ஸை ஒட்டிய ஷ்ராப்ஷையரில், செவர்ன் ஆற்றின் வளைவுக்குள் ஷ்ரூஸ்பரி நகரம் இருக்கிறது. ஆற்றுக்கு அக்கரையில், புனித பேதுரு, பவுல் பெயரால் 1083இல் நிறுவப்பட்ட பெனடிக்ட் சபை மடம். அங்கே மூலிகைத் தோட்டத்தையும் மருந்துக் குடிலையும் கவனித்துக்கொள்பவர் கேட்ஃபெல். வேல்ஸ் நாட்டவர்; முதல் சிலுவைப் போரில் ஜெருசலேம் வரை போனவர்; கடலோடி; காதலித்தவர்; நாற்பது வயதளவில் தானாகவே துறவு பூண்டவர். முதல் நாவலில் அவருக்கு ஐம்பத்தேழு வயது. எல்லிஸ் பீட்டர்ஸ் என்பது ஈடித் பார்ஜெட்டரின் புனைபெயர். அந்த நாவல் வெளிவந்தபோது அவருக்கு அறுபத்து மூன்று. தனி நாவலாக நினைத்து எழுதியதுதான் அது. அடுத்தது இரண்டு ஆண்டுகள் கழித்து 1979இல் வந்தது. 1994க்குள் 20 நாவல்களும் ஒரு சிறுகதைத் தொகுப்பும் ஆகிவிட்டன. மறு ஆண்டு அவர் காலமானார்.

இந்தப் பதினேழு ஆண்டு எழுத்துக்குள் கதையில் கழிவது 1137 முதல் 1145 வரையிலான எட்டே ஆண்டுகள். அந்தக் காலம் பருவம் பருவமாக, ஏறக்குறைய விடுபடாமல் நகர்கிறது. துப்பறியும் தொடர்களில் இது அரிது. முதல் நாவலிலேயே ஓய்வுபெற்ற போலீஸ்காரராக வரும் அகதா கிறிஸ்டியின் எர்க்யூல் புவாரோ அரை நூற்றாண்டுக்குப் பிறகும் துப்பறிந்துகொண்டிருந்தார். உலகம் மாறியது, அவர் மாறவில்லை. கேட்ஃபெல்லுக்கு வயது ஏறுகிறது. நண்பனுக்குக் கல்யாணமாகிறது, குழந்தை பிறக்கிறது. மடத்தின் தலைவர் ஹெரிபர்ட் பதவி இழக்கிறார், ராடுல்ஃபஸ் வருகிறார். இந்த மாற்றம் ஆசிரியரின் வசதிக்காக நடந்ததல்ல. 1138இல் உண்மையிலேயே நடந்தது. துணைத் தலைவராக வரும் ராபர்ட் பென்னன்டும் உண்மை மனிதர்தான். புனித வினிஃப்ரெட்டின் எலும்புகளை வேல்ஸிலிருந்து ஷ்ரூஸ்பரிக்குக் கொண்டுவந்த கதையை அவர் எழுதிவைத்திருக்கிறார். முதல் நாவல் முழுவதும் அந்தப் பயணத்தின் மேல்தான் நிற்கிறது.

காலத்தை நகர்த்துவது போர். இங்கிலாந்து அரசர் முதலாம் ஹென்றியின் ஒரே முறைப்படியான மகன் 1120இல் கப்பல் மூழ்கி இறந்தான். மகள் மாட் அரசியாவாள் என்று பிரபுக்களிடம் ஹென்றி சத்தியம் வாங்கினார். 1135இல் அவர் இறந்ததும் அதே சத்தியத்தைச் செய்திருந்த சகோதரி மகன் ஸ்டீபன் முந்திக்கொண்டு முடிசூடினார். பீட்டர்பரோ மடத்தின் ஆண்டுக்குறிப்பை எழுதிய துறவி, கிறிஸ்துவும் அவருடைய புனிதர்களும் உறங்கிவிட்டார்கள் என்று மக்கள் வெளிப்படையாகவே பேசிக்கொண்டதாகவும், அந்தத் துன்பம் பத்தொன்பது குளிர்காலங்கள் நீடித்ததாகவும் பதிந்திருக்கிறார். இதை வகுப்பில் நடத்துவது பெரும்பாடு. யார் எந்தப் பக்கம் என்பது மாதத்துக்கு மாதம் மாறும். 1141 பிப்ரவரியில் லிங்கனில் ஸ்டீபன் சிறைப்பட்டார். ஏப்ரலில் அவருடைய சொந்தத் தம்பியான வின்செஸ்டர் ஆயர் திருச்சபை மாநாட்டைக் கூட்டி ஹென்றியின் மகளை ஆதரித்தார். ஜூனில் லண்டன் மக்கள் அவளை விரட்டினார்கள். நவம்பரில் ஸ்டீபன் விடுதலையானார். டிசம்பரில் அதே ஆயர் இன்னொரு மாநாட்டைக் கூட்டி ஸ்டீபனை ஆதரித்தார். இந்த ஓர் ஆண்டுக்குள் மட்டும் பார்ஜெட்டர் நான்கு நாவல்களை வைத்திருக்கிறார். ராடுல்ஃபஸ் மாநாட்டிலிருந்து திரும்பி வந்து மடத்துக் கூட்டத்தில் செய்தி சொல்லும் இடங்களைக் கவனியுங்கள். மனசாட்சியுள்ள ஒருவர் எந்த வார்த்தையும் பொய்யாகாமல், எந்த வார்த்தையும் ஆபத்தாகாமல் பேசுகிறார். என் விரிவுரையைவிட அந்தப் பக்கங்கள் நன்றாகக் கற்பித்தன என்று ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

ஆனால் போர் பின்னணி மட்டும் என்றால் சாதாரண வரலாற்று நாவலே போதுமே, கொலை எதற்கு? இரண்டாவது நாவலைப் பாருங்கள். 1138 கோடையில் ஷ்ரூஸ்பரிக் கோட்டையைப் பிடித்த ஸ்டீபன், காவல் படையினரைத் தூக்கிலிட்டார். இதுவும் நடந்த சம்பவம். ஷ்ரூஸ்பரிக்குப் பக்கத்தில் பிறந்து நார்மண்டியில் துறவியாக வாழ்ந்த ஆர்டெரிக் விட்டாலிஸ் தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். நாவலில் தூக்கிலிடப்பட்டவர்கள் 94 பேர். உடல்களை அடக்கம் செய்யப் பொறுப்பேற்கும் கேட்ஃபெல் எண்ணிப் பார்க்கிறார்; 95 இருக்கின்றன. கூடுதலாக இருப்பவன் தூக்கில் தொங்கியவன் அல்லன், பின்னாலிருந்து கழுத்து நெரிக்கப்பட்டவன். அரசன் ஆணையிட்டுக் கொன்ற 94 பேருக்காக எந்த விசாரணையும் இல்லை. யாரோ ஒருவன் கொன்ற அந்த ஒருவனுக்காக ஒரு துறவி அரசனிடமே போய் நியாயம் கேட்கிறார். இங்கே கொலையாளி யார் என்பதில் எனக்கு அக்கறை குறைவு. அந்தக் கணக்கை எண்ணிப் பார்க்க ஒருவர் முன்வந்தார் என்பதுதான் முதுகை நிமிர்த்தி உட்கார வைக்கிறது. உங்கள் கேள்விக்கு என் பதில் இங்கேதான் தொடங்குகிறது: இந்தத் தொடரில் ‘யார் செய்தது’ என்பது பாதி வழிக் கேள்விதான். ‘செய்தவனை இனி என்ன செய்வது, அதைத் தீர்மானிக்கும் உரிமை யாருக்கு’ என்பதில்தான் கதையின் உயிர் இருக்கிறது. முதல் கேள்விக்கு விடை முன்னரே தெரிந்துவிட்டால் இரண்டாவது கேள்வி இன்னும் கூர்மையாகிறது.

மூன்றாவது நாவல் இதற்குச் சிறந்த உதாரணம். 1980இல் பிரிட்டனின் குற்றப்புனைவு எழுத்தாளர் சங்கம் வெள்ளிக் குத்துவாள் விருதை இதற்குத்தான் கொடுத்தது. முடிவைச் சொல்லப்போகிறேன், படிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடலாம். ஒரு நிலக்கிழார் தம் பண்ணையை மடத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, ஈடாக ஆயுள் முழுவதும் மடத்திலேயே உணவும் உறைவிடமும் பெற ஒப்பந்தம் செய்கிறார். இடைக்காலத்தில் இது சாதாரணமாக நடந்த ஏற்பாடு. ஒப்பந்தம் முத்திரையிடப்படுவதற்குள் விஷத்தில் இறந்துபோகிறார். விஷம், கேட்ஃபெல்லே மூட்டுவலிக்குத் தேய்க்கக் காய்ச்சி வைத்திருந்த தைலம். வசநாபி இனத்துச் செடியின் வேரிலிருந்து எடுத்தது. மேலே பூசினால் வலி அடங்கும், உள்ளே போனால் உயிர் போகும். மூலிகைப் பகுதி சுவையானதுதான், என்றாலும் கதையைத் திருப்புவது சட்டம். அந்தப் பண்ணை எல்லைக்கு அப்பால், வேல்ஸ் மண்ணில் இருக்கிறது. ஆங்கிலேயச் சட்டப்படி திருமண பந்தத்துக்கு வெளியே பிறந்த மகனுக்குச் சொத்து இல்லை. வேல்ஸ் சட்டத்திலோ தந்தை ஏற்றுக்கொண்ட மகனுக்குத் தாயின் நிலை தடையாகாது. எல்லைக்கோட்டின் ஒரு பக்கத்தில் யாருமில்லாதவனாக இருப்பவன் மறுபக்கத்தில் வாரிசு. கொலைக்கான நோக்கம் அந்த இடைவெளியிலிருந்துதான் பிறக்கிறது. கடைசியில் கேட்ஃபெல் அவனை, அரசனின் மாவட்ட அதிகாரியான ஷெரிஃபிடம் ஒப்படைப்பதில்லை. நீண்ட காலம் வாழ்ந்து, செய்த கேட்டுக்கு ஈடாக நன்மை செய்யும்படி அவனுக்குத் தவம் விதித்து அனுப்பிவிடுகிறார். அது சரியா என்று என் மாணவர்கள் சண்டை போட்டிருக்கிறார்கள். எனக்கு இன்றும் முழு உடன்பாடு இல்லை. செய்யாத கொலைக்குப் பழி சுமந்து நின்ற சிறுவனின் இடத்தில் நின்று பார்த்தால் அந்தக் கருணை கொஞ்சம் தாராளமாகவே தெரிகிறது.

பார்ஜெட்டர் இதைத் திரும்பத் திரும்பச் செய்கிறார், ஒவ்வொரு முறையும் வேறொரு சட்ட மூலையிலிருந்து. ஏழாவது நாவலில், ஊரார் துரத்திவரும் ஒரு கூத்தாடி நள்ளிரவு வழிபாட்டின் நடுவே ஆலயத்துக்குள் ஓடிவந்து பலிபீடத்தைப் பற்றிக்கொள்கிறான். புகலிட உரிமைப்படி நாற்பது நாள் யாரும் அவனைத் தொட முடியாது. வாசலைத் தாண்டினால் பிடித்துக்கொள்ளலாம். பதின்மூன்றாவதில், இளம் விதவை ஒருத்தி தன் வீட்டை மடத்துக்குக் கொடுக்கிறாள். ஆண்டு வாடகை, அந்தத் தோட்டத்தில் பூக்கும் ஒரு வெள்ளை ரோஜா. குறித்த நாளில் அது கைக்கு வராவிட்டால் வீடு அவளுக்கே திரும்பிவிடும். ஒரு நாள் காலையில் ரோஜாச் செடி வெட்டுப்பட்டிருக்கிறது, பக்கத்தில் ஓர் இளம் துறவி செத்துக் கிடக்கிறார். பெயருக்கு ஒரு மலர், ஒரு மிளகு என்று வாடகை வைப்பது இடைக்கால இங்கிலாந்தில் வழக்கத்தில் இருந்ததுதான். இப்படிக் கதையின் ஆணிவேர் அந்தக் காலத்தின் நியதிகளுக்குள்ளேயே இருப்பதால் இவற்றை வேறு காலத்துக்குப் பெயர்த்து நட முடியாது. வரலாற்றுத் துப்பறியும் நாவல் என்ற பெயரில் வருபவற்றில் பல, இன்றைய கொலைக்குப் பழைய உடை மாட்டியவைதான்.

கேட்ஃபெல்லுக்குக் கைது செய்யும் அதிகாரம் இல்லை, மடத்தை விட்டு வெளியே போகக்கூட அனுமதி வேண்டும். அதிகாரம் அவருடைய நண்பன் ஹ்யூ பெரிங்கரிடம் இருக்கிறது. இரண்டாவது நாவலில் சந்தேகத்துக்குரியவனாக அறிமுகமாகும் ஹ்யூ, பிறகு துணை ஷெரிஃபாகி, 1141இல் ஷெரிஃபே ஆகிறான். கேட்ஃபெல் எதைச் சொல்வார், எதை மறைப்பார் என்று ஹ்யூவுக்குத் தெரியும். சில வேளைகளில் கேட்காமலே இருந்துவிடுவான். மறைத்தவர், மறைத்ததைத் தெரிந்துகொண்டும் கேட்காதவன் என்ற இந்த இருவரின் நட்பைப் போல நம்பும்படியான நட்பைத் துப்பறியும் இலக்கியத்தில் நான் அதிகம் பார்த்ததில்லை. வழக்கமான உதவியாளர் பாத்திரம் வியந்து கைதட்டும். ஹ்யூ எதிர்த்து ஆடுவான்.

நெடுந்தொடரால் மட்டுமே செய்யக்கூடிய ஒன்றும் இங்கே இருக்கிறது. முதல் நாவலின் முடிவு நினைவிருக்கும்: ஆடம்பரமாக ஷ்ரூஸ்பரிக்கு வந்துசேரும் பெட்டியில் புனிதையின் எலும்புகள் இல்லை, கொலையாளியின் உடல்தான் இருக்கிறது. வினிஃப்ரெட் தன் சொந்த வேல்ஸ் மண்ணிலேயே இருக்கிறாள். தனி நாவலாகப் படித்தால் இது நல்ல நையாண்டி, அவ்வளவுதான். தொடர் நீண்டதும் அந்த நையாண்டி கனக்கத் தொடங்குகிறது. யாத்திரிகர்கள் வருகிறார்கள், மண்டியிடுகிறார்கள். பத்தாவது நாவலில், 1141 ஜூன் திருவிழாவில், கால் ஊனமுற்ற ஒரு பையன் அந்தப் பெட்டியின் முன் ஊன்றுகோலை விட்டுவிட்டு நடக்கிறான். அவன் நடிக்கவில்லை, ஆசிரியரும் அதை விளக்கித் தள்ளவில்லை. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரிந்த கேட்ஃபெல் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். ஒன்பது புத்தகங்களுக்கு முன் செய்த தந்திரத்துக்கு இப்படி ஒரு பதில் கிடைக்கும் என்று எந்த வாசகரும் எதிர்பார்த்திருக்க முடியாது. நம்பிக்கையைக் கிண்டல் செய்யவும் அதைக் காப்பாற்றவும் ஒருங்கே தெரிந்த எழுத்து இது.

இனி, தற்காக்க முடியாதவை. கேட்ஃபெல் இருபதாம் நூற்றாண்டு மனிதர் என்ற குற்றச்சாட்டை அடிக்கடி கேட்கிறேன். அது பாதி சரி. முஸ்லிம்கள் மீது அவருக்கு இருக்கும் மரியாதையை இட்டுக்கட்டியது என்பார்கள், அதை ஏற்கமாட்டேன். அதே நூற்றாண்டில் வாழ்ந்த சிரியப் பிரபு உசாமா இப்னு முன்கித், புதிதாக வந்திறங்கும் ஐரோப்பியர்கள் முரடர்கள் என்றும், நீண்ட காலம் தங்கிப் பழகியவர்கள் வேறு மாதிரி என்றும் எழுதியிருக்கிறார். அந்தப் பழகியவர்களில் ஒருவராகக் கேட்ஃபெல் இருக்கலாம். ஆனால் நரகத்தைப் பற்றிய அச்சம் அவரிடம் அநேகமாக இல்லை. அந்தக் காலத் துறவிக்கு அது மூச்சுக்காற்றுபோல. அவருடைய நோயாளிகள் அளவுக்கு மீறிப் பிழைத்துக்கொள்கிறார்கள். காதல் ஜோடிகளைப் பற்றி நீங்கள் சொல்வதும் நியாயம். நிலமுள்ள குடும்பங்களின் பெண்கள் இத்தனை சுலபமாக மனதுக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டதாக ஆவணங்கள் காட்டவில்லை. சில நாவல்களில் அந்த ஜோடி வந்ததும் நான் பக்கத்தை வேகமாகப் புரட்டுவேன்.

மூலிகைகள் மட்டும் நம்பும்படி இருப்பதற்குக் காரணம் உண்டு. பார்ஜெட்டர் இளமையில் மருந்துக்கடை உதவியாளராக வேலை பார்த்தவர். ஷ்ராப்ஷையரிலேயே பிறந்து, வாழ்நாளின் பெரும்பகுதியை அங்கேயே கழித்தவர். அவருடைய நாவல்களில் ஆறு எங்கே வளைகிறது, எந்தப் பாதை எப்போது சேறாகும் என்பது தெளிவாகத் தெரிகிறது. மடம் 1540இல் கலைக்கப்பட்டாலும் அதன் ஆலயம் இன்றும் பங்கு ஆலயமாக நிற்கிறது. மற்றக் கட்டடங்கள் இருந்த இடத்தின் குறுக்கே பத்தொன்பதாம் நூற்றாண்டில் நெடுஞ்சாலை போட்டுவிட்டார்கள்.

புகழுக்கு வெளியார் சொல்லும் இரண்டு காரணங்களைத் தேதிகளே தள்ளிவிடுகின்றன. டெரெக் ஜேக்கபி நடித்த தொலைக்காட்சித் தொடரால்தான் இவை பரவின என்பார்கள். அது 1994இல் தொடங்கியது. அதற்குள் பத்தொன்பது நாவல்கள் வந்துவிட்டன. துறவி துப்பறியும் யோசனை உம்பர்த்தோ எக்கோவின் புகழ்பெற்ற இத்தாலிய நாவலிலிருந்து வந்தது என்பார்கள். அது 1980இல் வந்தது, கேட்ஃபெல் 1977இல். எக்கோ மேலான எழுத்தாளர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவருடைய துறவியோடு ஒரு வாரம் தங்கலாம், எட்டு ஆண்டுகள் முடியாது.

வரிசைக்கு வருகிறேன். முதல் மூன்றையும் வரிசையாகப் படித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான்கும் ஐந்தும் முன்பின் ஆனாலும் கெட்டுப்போகாது. ஆறாவதைத் தவறவிடாதீர்கள், அந்தியோக்கியாவில் விட்டுவந்த காதலியிடம் தனக்கொரு மகன் பிறந்திருந்ததைக் கேட்ஃபெல் அதில்தான் அறிகிறார், அந்த மகனிடம் சொல்லாமல் விட்டுவிடுகிறார். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை கட்டாயம் வரிசைப்படி. இல்லையென்றால் 1141இன் குழப்பம் உங்களையும் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு வருபவற்றில் ஒன்றிரண்டு சலிப்பூட்டினால் தயங்காமல் தாண்டுங்கள். இருபதாவதை மட்டும் கடைசிக்கு வையுங்கள். சிறைப்பட்ட மகனைத் தேடி, அனுமதித்த எல்லையை மீறிக் கேட்ஃபெல் மடத்தை விட்டுப் போகும் கதை அது. மற்றவர்களின் குற்றங்களுக்குத் தவம் விதித்து வந்தவர் அதில் தானே தரையில் விழுந்து கிடக்கிறார்; முந்தைய நாவல்களில் அவர் யாரை மன்னித்தார், எப்படி மன்னித்தார் என்று தெரியாமல் அந்தக் காட்சியைப் படிப்பதில் பயனில்லை. 1988இல் வந்த சிறுகதைத் தொகுப்பின் முதல் கதை 1120இல், அவர் துறவை நாடும்போது நடக்கிறது. காலத்தால் அதுவே முதலில் வந்தாலும், பதினைந்து நாவல்கள் முடிந்த பிறகு எடுத்தால் போதும்.